குறுக்கெழுத்துப் புதிரின் கதை

ஆங்கிலச் செய்தித்தாளைக் காலையில் கையில் எடுப்போர் எல்லாரும் அதை ஒரே இடத்திலிருந்து படிக்கத் தொடங்குவதில்லை. தலைப்புச் செய்தியிலிருந்து முறையாகத் தொடங்குவோர் உண்டு. கடைசிப் பக்கத்து விளையாட்டுச் செய்திகளிலிருந்து பின்னோக்கி வருவோரும் உண்டு. இவ்விரு சாராரையும் சாராத ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. எண்ணிக்கையிற் சிறியதாயினும் பிடிவாதத்திற் பெரியது அது. அமைச்சரவை கவிழ்ந்தாலும் சரி, அடைமழை பெய்தாலும் சரி, அவர்கள் கண் முதலிற் செல்வது கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட ஒரு சதுரத்தின்மீதுதான். தாய்நாட்டை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவருள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தோர் கணிசமாக இருக்கின்றனர். குளிர்கால நண்பகலில் தலைநகரத்து அலுவலகப் புல்வெளிகளில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே, 'பதினேழு மேலிருந்து கீழ் என்ன?' என்று ஒருவரை ஒருவர் தமிழில் வினவுவதை நேயர்களிற் பலர் கேட்டிருப்பர்.

இந்தச் சதுரத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அது பொழுதுபோக்கின் வரலாறு மட்டுமன்று. முகமறியாத இருவர், ஒருவர் புதிரை அமைப்பவர், மற்றொருவர் விடுவிப்பவர், தமக்குள் எழுதாமலே செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் எவ்வாறு உருவாயிற்று என்பதே அதன் சுவையான பகுதி. 'நான் உம்மை ஏமாற்ற முயல்வேன். ஆனால் உம்மிடம் பொய் சொல்ல மாட்டேன்' என்பது அந்த ஒப்பந்தம்.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் பத்திரிகையின் வேடிக்கைப் பகுதியில் வைர வடிவிலான ஒரு கட்டம் வெளியாயிற்று. அதனை அமைத்தவர் ஆர்தர் வின் என்பவர். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பத்திரிகையாளர். தம் புதிருக்கு அவர் இட்ட பெயர் 'வேர்டு-கிராஸ்'. சில வாரங்கள் சென்றபின் அச்சுக் கோப்பவர் கைத்தவறாக அவ்விரு சொற்களையும் முன்பின்னாக மாற்றிவிட்டார். 'கிராஸ்-வேர்டு' என்பதே நிலைத்துவிட்டது. எழுத்துக்களை இடம் மாற்றுவதையே உயிராகக் கொண்ட விளையாட்டுக்குப் பெயரும் இடமாற்றத்தால் வாய்த்தது.

பத்தாண்டுகள் வரை அது ஒரு பத்திரிகையின் மூலையில் அடங்கிக் கிடந்தது. 1924ஆம் ஆண்டில் சைமன், ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் புதிதாகத் தொடங்கிய பதிப்பகம் தன் முதல் நூலாகக் குறுக்கெழுத்துப் புதிர்களின் தொகுப்பொன்றை, ஒரு பென்சிலையும் உடன் இணைத்து வெளியிட்டது. அதன்பின் அமெரிக்காவெங்கும் அது ஒரு பித்தாகவே பரவியது. 'நியூயார்க் டைம்ஸ்' இதனைப் பொழுதை வீணாக்கும் பாவச் செயல் என்று கண்டித்தது. லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையோ, 'அடிமைப்பட்ட அமெரிக்கா' என்று தலைப்பிட்டு இரங்கியது. இரங்கிய பத்திரிகை 1930ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளிலும், கண்டித்த பத்திரிகை 1942ஆம் ஆண்டிலும் தத்தம் வாசகர்களுக்குக் குறுக்கெழுத்துப் புதிரை அளிக்கத் தொடங்கின. வாசகர்கள் கேட்பதைப் பத்திரிகைகள் நெடுங்காலம் மறுப்பதில்லை.

அமெரிக்கப் புதிரில் குறிப்பு நேரானது. 'ஒரு பறவை' என்றால் பறவையின் பெயரை எழுதவேண்டும். அகராதியும் பொறுமையும் இருந்தாற் போதும். 1924ஆம் ஆண்டு நவம்பரில் 'சண்டே எக்ஸ்பிரஸ்' வாயிலாக இங்கிலாந்துக்குள் நுழைந்தபோதும் அது இந்நிலையிலேதான் இருந்தது. ஆங்கிலேயர் இதைக் கையிலெடுத்துச் சில ஆண்டுகளுக்குள்ளேயே முற்றிலும் வேறொன்றாக மாற்றிவிட்டனர். குறிப்பு நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டது. ஒன்றைச் சொல்வதுபோற் காட்டி மற்றொன்றைச் சொல்லத் தொடங்கியது.

இம்மாற்றத்தைச் செய்தவர்களுள் முதல்வராகச் சொல்லத்தக்கவர் எட்வர்டு பவிஸ் மாதர்ஸ். 1926ஆம் ஆண்டு முதல் 1939இல் காலமாகும் வரை 'அப்சர்வர்' என்னும் ஞாயிறு பத்திரிகையில் இவர் புதிர் அமைத்தார். தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் டார்க்கமாடா. அது ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை மன்றத்தின் கொடிய தலைவன் ஒருவனின் பெயர். வாசகர்களைச் சித்திரவதை செய்யப் போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார் போலும்! சொற்களைத் தேர்ந்தெடுப்பது அவர் பணி. அவற்றைக் கட்டத்திற்குள் பொருத்திக் கொடுத்தவர் அவருடைய மனைவியார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு மாதர்ஸைப் பற்றிக் கூடுதலாகச் சில சொற்கள் கூற ஆசை. அவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. ஆயிரத்தோர் இரவுகளின் பிரெஞ்சு வடிவத்தை ஆங்கிலமாக்கியவர் அவர். அதனினும் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. காசுமீரத்துக் கவிஞர் பில்ஹணர் பாடியதாக வழங்கும் 'சௌரபஞ்சாசிகா' என்னும் வடமொழி நூலைத் தழுவி, 'பிளாக் மேரிகோல்ட்ஸ்' என்னும் பெயரில் 1919ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிதை இயற்றியவரும் அவரே. பில்ஹணர் கதை தமிழர்க்குப் புதிதன்று. பாரதிதாசனின் 'புரட்சிக்கவி' அக்கதையிலிருந்து கிளைத்ததுதான். அரசகுமாரியைக் காதலித்த குற்றத்திற்காகக் கொலைக்களம் நோக்கி நடக்கும் கவிஞனின் குரலை ஆங்கிலத்திற் கேட்கச் செய்தவரும், ஞாயிறுதோறும் ஆங்கிலேயரின் நிம்மதியைக் கெடுத்தவரும் ஒருவரே என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு சொல்லின் எத்தனை முகங்களைக் காணமுடியும் என்பதை மொழிபெயர்ப்பாளனைப்போல் அறிந்தவர் வேறிலர். ஒவ்வொரு நாளும் அவன் ஒரு முகத்தை ஏற்று மற்றவற்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. கைவிட்ட முகங்களைக்கொண்டே மாதர்ஸ் தம் புதிர்களைச் செய்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

'டைம்ஸ்' பத்திரிகைக்கு முதற் புதிர் அமைத்தவரின் கதை வேறு வகையானது. ஏட்ரியன் பெல் என்பவர் சஃபோக் மாவட்டத்தில் நிலத்தை உழுதுகொண்டிருந்த விவசாயி. தம் உழவு வாழ்க்கையைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர். அவர் அதுவரை ஒரு குறுக்கெழுத்துப் புதிரைக்கூட விடுவித்ததில்லை. பத்திரிகைத் துறையிலிருந்த அவருடைய தந்தை, 'என் மகன் செய்வான்' என்று வாக்களித்துவிட்டார். பெல் ஏரோட்டியவாறே குறிப்புகளைச் சிந்தித்தார். அவ்வாறு சிந்தித்து 1978ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், 4,000க்கும் மேற்பட்ட புதிர்களை அளித்தார்.

இப்புதிர்களின் இயல்பை ஆங்கிலச் சொற்களைக்கொண்டு விளக்குவதைவிட, தமிழிலேயே சில குறிப்புகளை அமைத்துக் காட்டுவது எளிது. 'கிளறி விதைக, புலவனின் விளைச்சல் (3)' என்று ஒரு குறிப்பைக் கொள்வோம். படித்தவுடன் வயலும் ஏரும் கண்முன் வரும். வரவேண்டும் என்பதே அமைப்பவரின் சூழ்ச்சி. வயலை மறந்துவிட்டுச் சொற்களை மட்டும் பாருங்கள். 'விதைக' என்னும் மூன்று எழுத்துக்களைக் கிளறினால், அதாவது இடம் மாற்றினால், 'கவிதை' கிடைக்கிறது. புலவனின் விளைச்சலும் அதுவே. மற்றொன்று: 'சிரத்தின் பின்னே நின்று விலகு என்றால் அரசு வீற்றிருக்கும் ஊர் (5)'. சிரம் என்பது தலை. விலகு என்பது நகர். தலைக்குப் பின்னே நகர் வர, தலைநகர் ஆகிறது. இன்னொன்று: 'அவை கையெழுத்திட்டதற்குள் மதுரை நதி ஓடுகிறது (2)'. இதில் விடை எங்கும் வெளியில் இல்லை. குறிப்பிற்குள்ளேயே பட்டப்பகலில் படுத்திருக்கிறது. 'அவை' என்பதன் கடைசி எழுத்தையும் 'கையெழுத்து' என்பதன் முதலெழுத்தையும் சேர்த்துப் படித்தால் வைகை.

இம்மூன்றிலும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. ஒவ்வொரு குறிப்பும் விடையை இருமுறை சொல்கிறது: ஒருமுறை அகராதி சொல்வதுபோல் பொருளாக, மற்றொரு முறை சொல்லின் உறுப்புகளாக. ஆகவே விடை கண்டவருக்கு ஐயம் எஞ்சாது. 'இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்' என்ற நிலை இல்லை. பூட்டும் சாவியும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. திறந்தவுடன் எழும் அந்தச் சிறு மகிழ்ச்சியைப் பிறருக்கு விளக்குவது கடினம். அடுத்த மேசையிலிருப்பவர் காரணமின்றித் தமக்குள் நகைத்தால் அவர் கையில் பென்சில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடக்க காலத்தில் எல்லாப் புதிர்களும் இத்தகைய நேர்மையுடன் அமையவில்லை. மாதர்ஸே சில வேளைகளில் தமக்கு மட்டும் விளங்கும் குறிப்புகளை எழுதிவிடுவார் என்பது அவரைப் போற்றுவோரும் ஒப்புக்கொள்வது. 1934ஆம் ஆண்டு வெளியான அவரது புதிர் நூலில் ஒரு துப்பறியும் கதை உண்டு. அதன் நூறு பக்கங்களும் வரிசை மாற்றி அச்சிடப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டில் சரியான வரிசையைக் கண்டு பரிசு பெற்றவர்கள் இருவர் மட்டுமே. மேதைமைதான், ஆனால் நாள்தோறும் அலுவலகம் செல்லும் மனிதனுக்கு ஏற்ற உணவன்று.

அவருக்குப்பின் 'அப்சர்வர்' பத்திரிகையில் அப்பணியை ஏற்றவர் மக்நட் என்னும் பள்ளி ஆசிரியர். கிரேக்க, இலத்தீன் மொழிகளைக் கற்பித்தவர். புனைபெயருக்காக அவரும் ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணைத் தலைவர்களையே நாடி, ஸிமெனிஸ் என்னும் பெயரைப் பூண்டார். 1972ஆம் ஆண்டில் அவரிடத்தைப் பெற்றவரும் இந்த மரபைக் கைவிடவில்லை. தேஸா என்னும் மற்றொரு தலைவரின் பெயரை ஆங்கில எழுத்துக்களில் கடைசியிலிருந்து திருப்பி 'ஏஸெட்' ஆக்கிக்கொண்டார். அது ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் ஒலிப்பது ஒரு கொசுறு. ஸிமெனிஸ் கொடியவரல்லர், இலக்கண ஆசிரியர். 1966ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இக்கலைக்கு ஒரு நன்னூல் போல் அமைந்தது. குறிப்பில் ஒரு சொல்லும் வெறுமனே நிற்கக்கூடாது. பெயர்ச்சொல்லாக விளக்கியதை வினைச்சொல்லாக விடையில் கேட்கக்கூடாது. எழுத்துக்களைக் கலைக்கவேண்டுமானால் கலைக்கச் சொல்லும் சொல் ஒன்று குறிப்பிலேயே இருக்கவேண்டும். இவை போன்ற விதிகளை அவர் வற்புறுத்தினார். இவருக்கு முன்பே, 1949ஆம் ஆண்டில், ரிட்சி என்னும் பாதிரியார் இந்நெறியின் சாரத்தை ஒரு நூலில் எடுத்துரைத்திருந்தார். ரிட்சி புதிர் அமைத்துவந்தது பி.பி.சி. நிறுவனத்தின் 'லிஸனர்' வார இதழில். வானொலிச் சொற்பொழிவுகளை அச்சிடுவதற்காகத் தோன்றிய அந்த இதழில் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வெளிவந்த புதிரே உலகில் மிகக் கடினமானது என்று பெயரெடுத்தது. இதழ் 1991ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. புதிர் மட்டும் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் குடிபெயர்ந்து உயிர் வாழ்கிறது.

இவையெல்லாம் ஆங்கிலேயரின் தனிச்சொத்தா என்று தமிழறிந்தோர் கேட்கக்கூடும். விடுகதையைப் 'பிசி' என்று பெயரிட்டு வகைப்படுத்தியது தொல்காப்பியம். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளைப் பாருங்கள். பல வினாக்களுக்குரிய விடைகளை ஒன்றாக இணைத்தால் ஒரு சொல் உருவாவது வினாவுத்தரம். நாம் கண்ட 'தலைநகர்' அந்த இனத்தைச் சேர்ந்தது. ஒரு பாட்டுக்குள் மற்றொரு பாட்டு ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். வைகை ஓடிய வழி அது. எழுத்துக்களை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு சொல் வருவது அக்கரச்சுதகம். இருபுறமிருந்து படித்தாலும் ஒன்றாக அமைவது மாலைமாற்று. ஒரே சொற்றொடரில் பாம்பையும் எள்ளையும் பாடும் காளமேகத்தின் சிலேடையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. கருவிகள் அனைத்தும் நம் பட்டறையிலேயே இருந்தன. ஆனால் அவை அவைக்களத்தில் புலமையைக் காட்டப் பயன்பட்டவை. கேட்போர் வியந்தால் போதும், விடுவிக்கவேண்டும் என்பதில்லை. பெயரறியாத ஒரு வாசகன் தானே விடை காணவேண்டும், கண்டே தீரவேண்டும் என்று விரும்பி அமைப்பது செய்தித்தாளின் காலத்திற்கே உரியது.

தமிழில் இவ்வகைப் புதிர் அமைப்பதில் தனிச் சங்கடமும் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துக்கள். எந்த எழுத்தும் ஏறத்தாழ எந்த இடத்திலும் நிற்கும். நமக்கோ 247. மேலும் புள்ளியெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது. எனவே 'ம்' என்று முடியும் ஒரு சொல்லின் கடைசிக் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி மற்றொரு சொல்லைத் தொடங்க இயலாது. இச்சங்கடத்தையும் மீறி, அமெரிக்கத் தமிழர் நடத்திய 'தென்றல்' மாத இதழ் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய மறைகுறிப்புப் புதிர்களைத் தமிழில் வெளியிட்டது. தாயகத்தை விட்டுத் தொலைவிற் சென்றவர்களிடமிருந்தே இம்முயற்சி வந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. நாள் முழுதும் வேற்றுமொழியிற் பேசுவோனுக்குத் தாய்மொழிச் சொல் வெறுங்கருவியாக இராது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பொருளாகிவிடுகிறது.

இரண்டாம் உலகப்போர் இவ்விளையாட்டை அரசாங்கத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. 'டெய்லி டெலிகிராப்' புதிரை மிக எளிதில் முடித்துவிடலாம் என்று சிலர் அப்பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். அது உண்மையா என்று சோதிக்க, 12 நிமிடங்களுக்குள் ஒருவர் முடித்தால் தரும நிதிக்கு 100 பவுன் அளிப்பதாகக் கேவின் என்பவர் அறைகூவல் விடுத்தார். 1942ஆம் ஆண்டு ஜனவரியில் பத்திரிகை அலுவலகத்திலேயே போட்டி நடந்தது. ஐவர் நேரத்திற்குள் முடித்தனர். அவர்களுள் ஒருவர் எழுத்துப்பிழையால் தகுதி இழந்தார். சில வாரங்கள் கழித்துப் போட்டியிட்டவருட் சிலருக்குப் போர்த்துறையிலிருந்து இரகசியக் கடிதம் வந்தது. பகைவரின் மறைமொழிகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க் நிலையத்திற்கு ஆள் தேவைப்பட்டது.

இரண்டாண்டுகளுக்குப் பின் அரசாங்கம் அதே பத்திரிகையின் புதிரைக் கண்டு நடுங்கியது. பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் இறங்கின. அதற்கு முந்திய ஐந்து வாரங்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி, நெப்டியூன் என்னும் சொற்கள் 'டெலிகிராப்' புதிர்களில் விடைகளாக வந்தன. முதலிரண்டும் படைகள் இறங்கவிருந்த கரைகளின் இரகசியப் பெயர்கள். மூன்றாவது படையெடுப்புக்கே உரியது. நான்காவது செயற்கைத் துறைமுகத்திற்கும், கடைசியானது கடற்படை நடவடிக்கைக்கும் இட்ட பெயர்கள். அமைத்தவர் லெனார்டு டோ என்னும் பள்ளித் தலைமையாசிரியர். உளவுத்துறையினர் அவரை வீடு தேடிச் சென்று துருவி விசாரித்தனர், ஒன்றும் அகப்படவில்லை. நாற்பதாண்டுகள் சென்று, 1984ஆம் ஆண்டில், அவருடைய பழைய மாணவர் ஒருவர் ஒரு விளக்கம் கூறினார். வெற்றுக் கட்டங்களைச் சொற்களால் நிரப்பித் தருமாறு ஆசிரியர் மாணவர்களைப் பணிப்பாராம். அருகிலிருந்த படைமுகாம்களிற் சுற்றித் திரிந்து தாம் கேட்ட சொற்களையே அவற்றில் எழுதியதாக அவர் கூறினார். இதை எல்லோரும் ஏற்கவில்லை. பையன்கள் எதையும் கேட்டுவிடுவர் என்பதை அறிந்த எந்த ஆசிரியரும் இதை முற்றும் மறுக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் குறுக்கெழுத்து வேறொரு சோதனைக்கு உள்ளாயிற்று. தமிழ்நாட்டில் 1930களில் எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. பின்னர், பெருந்தொகை பரிசளிக்கும் போட்டிகள் நாடெங்கும் பெருகின. இவற்றின் குறிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு நானே ஓர் உதாரணம் அமைக்கிறேன்: 'மனிதனுக்குப் பெருமை தருவது இது: _னம்'. தனமா, மனமா? இரண்டும் பொருந்தும். நடத்துபவர் முன்கூட்டியே ஒன்றை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்திருப்பார். அவர் தனம் என்று எழுதியிருந்தால் மனம் என்று எழுதியவரின் காசு போயிற்று. இத்தகைய இருபது கட்டங்கள் இருந்தால் அறிவாளிக்கும் அறிவிலிக்கும் வேறுபாடு இல்லை. நுழைவுக் கட்டணம் மட்டுமே நிச்சயம். கட்டமும் எண்களும் ஒன்றுபோல் தோன்றினாலும், முன்பு நான் கூறிய ஒப்பந்தம் இங்கே இல்லை.

சென்னை உள்ளிட்ட சில மாநிலங்களின் சட்டமன்றங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நாடாளுமன்றம் 1955ஆம் ஆண்டில் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. ஒரு மாதத்தில் பரிசு 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது, அனுப்பப்படும் விடைத்தாள்கள் 2,000க்கு மேற்படலாகாது, உரிமம் வேண்டும். அச்சட்டம் எழுத்துக்களையும் சொற்களையும் அடுக்கும் புதிர்ப் போட்டிகளைப் பொதுவாகவே குறித்தமையால், திறமையால் வெல்லும் போட்டிகளும் வலையில் விழுமோ என்ற கேள்வி எழுந்தது. பெங்களூரில் அச்சாகிப் பம்பாயில் பெரிதும் விற்ற ஒரு வார இதழின் வாயிலாகக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திவந்த சமர்பாக்வாலா உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்ததாயின் அது தொழில், அரசியலமைப்பின் பாதுகாப்பு அதற்கு உண்டு. தற்செயலைப் பொறுத்ததாயின் அது சூதாட்டம், சட்டம் அதற்கே பொருந்தும் என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் தோய்ந்து அவற்றைப் பிறருக்குக் கற்பித்த சங்கீத வித்துவானும் அவரே. திறமை எது, தற்செயல் எது என்பதை உரைத்துப் பார்க்க அவரினும் தகுந்தவர் கிடைத்திருக்கமாட்டார்.

திறமையைச் சார்ந்த புதிருக்கு இந்திய மண்ணில் நிலையான இடமளித்தது 'தி இந்து' பத்திரிகை. வெளிநாட்டிலிருந்து பெற்ற புதிர்களை முன்பு வெளியிட்டுவந்த அப்பத்திரிகை, 1970களின் தொடக்கத்தில் சொந்தமாகவே புதிரை அமைக்கச் செய்தது. அமைத்தவர் யார் தெரியுமா? அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. செங்கற்பட்டில் பிறந்தவர், 1958ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், பின்னர் பர்மாவில் நம் தூதராக இருந்தவர். ஓய்வுக்குப்பின் கப்பல்களை விட்டுவிட்டுக் கட்டங்களை நடத்தினார். 1983ஆம் ஆண்டில் காலமாகும் வரை அப்பணியைத் தொடர்ந்தார். அவருக்குப்பின் ஒருவர் என்றில்லாமல் பலர் முறைவைத்து அமைக்கும் வழக்கம் வந்தது.

ஆங்கிலப் புதிரை விடுவிக்க ஆங்கிலேயனாகப் பிறக்கவேண்டும் என்று எண்ணித் தயங்குவோருக்கு ஒரு செய்தி. கிரிக்கெட் ஆட்டத்தின் சொற்களும் லண்டன் தெருக்களின் பெயர்களும் நம்மைத் தொடக்கத்தில் மிரட்டுவது உண்மை. 'ஃப்ளவர்' என்ற சொல்லைக் கண்டால் மலரை நினைக்காதே, ஓடுவது என்று பிரித்து நதியை நினை என்பதுபோன்ற பழைய தந்திரங்களையும் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் புதிர் அமைப்போர் வேதமாகப் போற்றும் சேம்பர்ஸ் அகராதியைப் புரட்டுங்கள். கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் சுருட்டும் ஆங்கில உருவில் அதற்குள் அமர்ந்திருக்கின்றன. நெய்யும் இராணியும் சிப்பாயும் ஆங்கிலப் புதிர்களில் அடிக்கடி வந்துபோகும் விருந்தினர். மேலும், இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே நாள்தோறும் நடமாடும் நம்மவருக்கு ஒரு சொல்லை வெளியிலிருந்து பார்க்கும் பழக்கம் இயல்பாகவே இருக்கிறது. தாய்மொழியாகப் பேசுவோன் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டாரி கடற்படைத் தலைவரான அதே 1958ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஜான் கிரகாம் என்னும் பாதிரியார், பின்னர் 'கார்டியன்' என்று பெயர் சுருங்கிய 'மாஞ்செஸ்டர் கார்டியன்' பத்திரிகைக்குப் புதிர் அமைக்கத் தொடங்கினார். மணமுறிவு ஏற்பட்டபோது அவர் தம் திருச்சபைப் பதவியை இழந்தார். அதன்பின் புதிரே அவருக்குப் பிழைப்பாயிற்று. அவருடைய புனைபெயர் அராக்கேரியா. குரங்குக்கும் புதிராக இருக்கும் மரம் என்று ஆங்கிலத்தில் பெயர்பெற்ற ஒருவகை மரத்தின் தாவரவியற் பெயர் அது. ஸிமெனிஸ் வகுத்த விதிகள் எல்லாவற்றையும் அவர் கைக்கொள்ளவில்லை. விதியை வளைப்பார், ஆனால் வாசகனை வஞ்சிக்கமாட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவருடைய வாசகர்கள் அவரை அன்புடன் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

2013ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், அவருக்கு 91 வயதானபோது, அவருடைய புதிர் ஒன்று 'கார்டியன்' பத்திரிகையில் ஒரு சிறு முன்னுரையுடன் வெளிவந்தது. தமக்கு 19ஆம் எண்ணில் 18ஆம் எண் இருப்பதாகவும், 13, 15 ஆகிய எண்களால் மருத்துவம் நடப்பதாகவும் அதில் அவர் தெரிவித்திருந்தார். வாசகர்கள் வழக்கம்போல் காப்பிக் கோப்பையும் பேனாவுமாக உட்கார்ந்து, குறிப்பு குறிப்பாக விடுவித்துக்கொண்டு சென்றனர். 18இல் புற்றுநோய் என்று வந்தது. 19இல் உணவுக்குழாய். 13உம் 15உம் சேர்ந்து, நோயைக் குணப்படுத்தாமல் வேதனையை மட்டும் தணிக்கும் சிகிச்சை. தம் முடிவு நெருங்கியதை வேறெவ்வாறும் அவர் அவர்களுக்குத் தெரிவித்திருக்க முடியாது. அவர்களும் அவரை வேறெவ்வாறும் அறிந்தவர்களல்லர். அன்று அவருக்கு எழுதப்பட்ட கடிதங்கள் ஏராளம். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் அவர் காலமானார்.